சகலையின் நிலாவும் எட்டு அங்குலக் குழாயும்

மனைவியின் கைபேசியைத் திறந்தால் பதினோரு வருடமாக ஒரே படம்தான் வரும். புதிதாகப் பொருத்திய ஒரு லிஃப்டின் கண்ணாடியில் அவரும் அவளும் நிற்கும் படம். அவள் பாதிக் கண்ணை மூடியிருப்பாள், அவர் தோளில் ஸ்பானர் பை தொங்கும். இடையில் மூன்று போன் மாறியும் படம் மாறவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அது நிலாவாக மாறியிருந்தது.

"இது என்ன?"

"நிலா."

"அது தெரியுது. எங்கேருந்து வந்துச்சு?"

"அத்தான் எடுத்ததுங்க. பெரிசு பண்ணிப் பாருங்களேன், ஒவ்வொரு பள்ளமும் எப்படித் தெரியுதுன்னு."

அவர் பெரிசு பண்ணிப் பார்க்கவில்லை. தேநீரை மட்டும் வழக்கத்தை விடச் சத்தமாக உறிஞ்சினார்.

அத்தான் என்றால் மனைவியின் அக்காவுடைய கணவர். இவருக்குச் சகலை. ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு ஆண்களை ஆயுசு முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்க்கும் உறவு அது. இருபது வருடமாக இவர்தான் குட்டை.

இவர் லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்தேழு வயது. நகரத்தில் முப்பத்தெட்டு லிஃப்டுகள் இவர் பொறுப்பு. பழைய கட்டடங்களில் லிஃப்டை இழுக்கும் மோட்டார் உச்சியில், மொட்டைமாடி அறை ஒன்றில் இருக்கும். அதனால் கம்பெனியில் இவருக்குப் பெயரே 'மொட்டைமாடி'. "மொட்டைமாடி எங்கேப்பா?" என்று ஒருவர் கேட்பதும், "மொட்டைமாடியிலதான்" என்று இன்னொருவர் சொல்வதும், அதற்கு எல்லோரும் சிரிப்பதும் தினமும் நடக்கும். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது நகக்கண்ணில் இருக்கும் கிரீஸைச் சோப்புத்தூளும் எலுமிச்சையும் போட்டு அரை மணி நேரம் தேய்ப்பார். போனதும் யாராவது ஒருவர் வந்து, "எங்க பில்டிங் லிஃப்ட் மறுபடி நின்னுபோச்சுங்க, என்னன்னு பாருங்க" என்பார். அதே கூடத்தில் சகலையைச் சுற்றி நான்கு பேர் இருப்பார்கள். சகலை, விபத்தில் நசுங்கிய கார்களைப் பார்த்து இழப்பீடு மதிப்பிடும் அதிகாரி. அவர் சொல்லும் ஒவ்வொரு கதையிலும் ஒரு லாரியும் ஒரு பொய்யும் இருக்கும். கேட்கச் சலிக்காது.

சகலையின் தரை ஓடு, சகலையின் கார், சகலையின் தலைமுடி என்று இவர் பொறாமைப்பட்ட வரலாறு நீளமானது. முடி விஷயத்தில் மட்டும் எப்போதோ தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார். மற்றவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தார். நிலாவைப் பொறுக்க முடியவில்லை. மொட்டைமாடிக்கு மேலே இருப்பதெல்லாம் தன் துறை என்று நினைத்திருந்தவர் அவர். இருபத்து நாலு வருடம் தினமும் அதன் கீழே நின்று வேலை செய்திருக்கிறார். ஒருநாள்கூட நிமிர்ந்து பார்த்து, இதை அவளுக்குக் காட்டலாமே என்று தோன்றவில்லை. சகலைக்குத் தோன்றியிருக்கிறது.

அவள் ஒரு பொருளைப் பார்த்து அப்படிக் கண்ணை விரித்து எத்தனை வருடம் ஆகிறது என்று கணக்குப் போட்டார். வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

கடை, கேமராவும் பைனாகுலரும் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பும் விற்கும் ஒரு நீள அறை. கல்லாவில் ஒரு அம்மா, கழுத்தில் இரண்டு கண்ணாடிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டெலஸ்கோப் வேணும்."

"கண்ணால பார்க்கவா, படம் எடுக்கவா?"

"எங்க சகலை வெச்சிருக்கறதை விடப் பெரிசா வேணும்."

அந்த அம்மா ஒரு கண்ணாடியைக் கழற்றி இன்னொன்றை மாட்டிக்கொண்டு இவரைப் பார்த்தார். "பெரிசுன்னா நீளத்திலயா, அகலத்திலயா, விலையிலயா?"

"அவர் பார்த்ததும் அசந்து போகணும்."

"அதுக்கு டெலஸ்கோப் எதுக்கு சார்? ஒரு நல்ல கார் வாங்குங்க."

"கார் அவர்கிட்ட ஏற்கெனவே இருக்கு."

சகலை வைத்திருப்பது என்ன மாதிரி என்று அந்த அம்மா கேட்டார். இவர் கையால் காட்டினார். முழங்கை நீளக் குழாய், முன்னால் ஒரு லென்ஸ், பின்னால் கேமரா, கீழே மோட்டார் வைத்த மூன்று கால் ஸ்டாண்டு. "அவர் விவரமான ஆளு" என்றார் அந்த அம்மா. "படம் எடுக்கணும்னா குழாய் முக்கியமில்ல, ஸ்டாண்டுதான் முக்கியம். வானம் நகர்ந்துக்கிட்டே இருக்கும். அது கூடவே குழாயைத் திருப்பிக்கிட்டுப் போக மோட்டார் வேணும். இல்லேன்னா நட்சத்திரம் எல்லாம் கோடு கோடா விழும்."

அதற்குள் இவர் பார்வை கடைக்கோடியில் நின்ற ஒன்றின் மேல் விழுந்துவிட்டது. இடுப்புக்கு மேல் உயரம். தண்ணீர்க் குடம் நுழையும் அகலம். மரப்பெட்டி ஒன்றின் மேல் பீரங்கி மாதிரி உட்கார்ந்திருந்தது.

"அது?"

"எட்டு அங்குலக் கண்ணாடி. கண்ணால பார்க்க அதை அடிச்சுக்க ஆள் இல்ல. ஆனா மோட்டார் கிடையாது. கையால தள்ளித் தள்ளித்தான் பார்க்கணும். நிலாவை வேணா படம் எடுக்கலாம், அதுக்கு மேல..."

"எட்டு அங்குலமா? அவரோடது?"

"நீங்க காட்டின அளவுக்கு மூணு இருக்கும்."

"பேக் பண்ணுங்க."

வீட்டுக் கூடத்தில் அது நின்றபோது மனைவி சுற்றிச் சுற்றி வந்தாள். "துணி மெஷின் வாங்கலாம்னு சொல்லிட்டிருந்தோம், ஏதோ அதே சைஸ்ல வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள்.

அடுத்த பதினோரு மாலைகள் இவர் வீட்டு மாடியில் நிலாவோடு மல்லுக்கட்டினார். போனைக் கண் வைக்கும் துளையில் ஒட்டிப் பிடித்து, மூச்சை அடக்கி, பட்டனைத் தொட்டால் போன் அசையும். அசையாமல் பிடித்தால் நிலா நகர்ந்துவிடும். கடைசியில் லிஃப்டின் பட்டன் பலகையிலிருந்து கழித்துப்போட்ட ஒரு தகட்டை வெட்டி, வளைத்து, போனுக்குப் பிடிமானம் செய்தார். பன்னிரண்டாவது மாலை விழுந்தது படம். பள்ளங்கள், பள்ளங்களின் விளிம்பு, விளிம்பின் நிழல் எல்லாம் இருந்தது. சகலையின் நிலா இதற்கு முன்னால் தோசைக்கல் என்று தோன்றியது.

படியிறங்கி ஓடி வந்து நீட்டினார். மனைவி பாத்திரம் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். "ரொம்ப நல்லாயிருக்குங்க. இருங்க, என் போனுக்கு அனுப்புங்க" என்று தன் போனைத் திறந்தாள்.

முகப்பில் நிலா இல்லை. இளஞ்சிவப்பில் ஒரு மேகம், நடுவில் வெள்ளை, ஓரத்தில் நீலம்.

"இது?"

"நேத்து அத்தான் அனுப்பினாருங்க. ஓரியன் நெபுலாவாம். நட்சத்திரம் பொறக்கற இடமாம், தெரியுமா?"

இவர் திரும்பவும் கடைக்குப் போனதையும், அந்த அம்மா, "உங்க குழாயைத் தாங்கற மோட்டார் ஸ்டாண்டு வேணும்னா, அதைத் தூக்க நாலு ஆளும் சேர்த்து வாங்கணும்" என்று சொன்னதையும் வீட்டில் சொல்லவில்லை. அன்று சாப்பிடவும் இல்லை.

ஆனால் மறுநாள் அந்த மேகத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தார். நெபுலாவைச் சுற்றியிருந்த நட்சத்திரங்கள் புள்ளியாக இல்லை. சீரகம் மாதிரி நீண்டிருந்தன. எல்லாமே ஒரே பக்கமாக. பல நாள் கழித்து அவருக்கு நன்றாகப் பசித்தது.

சகலைக்கும் அது தெரிந்துதான் இருந்தது. நூலகத்து மாடியில் வானப் படக் கண்காட்சி ஒன்று வைக்கப்போகிறார்கள். அதற்குள் சரியான படம் ஒன்று எடுத்துவிட வேண்டும். பத்து நாள்தான் இருக்கிறது. சீரகம் மாற மாட்டேன் என்கிறது. அக்கா தங்கையிடம் சொல்ல, தங்கை கணவரிடம் சொன்னாள். "அத்தான் ரொம்ப நொந்துபோயிருக்காராம். மோட்டார், சக்கரம் எல்லாம் உங்க வேலைதானே. ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாங்க."

போனார். சகலை வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க சகலை, உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றார். அதுதான் இவருக்குக் கஷ்டம். கெட்டவராக இருந்திருந்தால் பொறாமைப்படுவது எவ்வளவோ சுலபம்.

மாடியில் ஸ்டாண்டு நின்றது. ஒரு பக்கம் குழாயும் கேமராவும். மறுபக்கம் ஒரு கம்பியில் உருண்டை எடை. லிஃப்டுப் பெட்டியின் கனத்தைச் சமன் செய்ய மறுமுனையில் கவுண்டர் வெயிட் மாட்டுவது போலவே. இவர் பிடியைத் தளர்த்தி, விரலால் குழாயைத் தொட்டார். அது எந்தப் பக்கமும் சாயாமல் விட்ட இடத்தில் நின்றது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, என்ன கோளாறு என்று தெரிந்துவிட்டது.

"வெயிட் சரியா இருக்கா சகலை? ரெண்டு நாள் உட்கார்ந்து கிராம் கணக்கில சமம் பண்ணினேன்."

"தராசு முள்ளு மாதிரி நிக்குது. நானே இவ்வளவு சுத்தமா பண்ணியிருக்க மாட்டேன்."

சொன்னது பொய் இல்லை. அதனால் திரும்பும் வழியெல்லாம் இவர் வண்டியை நிதானமாக, கிட்டத்தட்ட பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார்.

மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "பார்த்தீங்களா? என்னவாம்?"

"ஒண்ணும் இல்ல. எல்லாம் சரியாத்தான் இருக்கு. வெயிட் அப்படியே சமமா, முள்ளு மாதிரி நிக்குது."

கத்தி நின்றது. "சமமாவா?"

"ஆமா."

"சமமா நின்னா உதறும்னு சொல்லுவீங்களே."

"எப்போ சொன்னேன்?"

"எப்போ சொல்லல? கல்யாணமான புதுசுல சினிமா இடைவேளையில சொன்னீங்க. எங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ அந்த லிஃப்டுல போகும்போது சொன்னீங்க. பெட்டியில பாதி ஆள் ஏறி ரெண்டு பக்கமும் சமமா நிக்கும்போதுதான் பழைய கியர் மெஷின் உதறும், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கற இடுக்குல இங்கேயும் அங்கேயும் ஆடும், ஒரு பக்கம் கொஞ்சம் கனம் இருந்தா பல்லு பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒழுங்கா போகும்னு. இருபது வருஷமா இதைத்தானே கேட்டுட்டிருக்கேன்?"

தன் தொழில் பேச்சு அவள் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போவதாகத்தான் இத்தனை காலம் இவர் நினைத்திருந்தார்.

அவள் இவர் முகத்தைப் பார்த்தாள். கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"அத்தான், நான்தான். அந்த வெயிட்டை ஒரு விரல்கடை நகர்த்திப் பாருங்களேன். சமமா இருக்கக் கூடாதாம்... ஆமா, ஒரு பக்கம் கொஞ்சம் கனமா... இவர் எப்பவும் சொல்லுவாரு. அங்கே வந்தப்போ ஞாபகம் வரல போல, வேலைக் களைப்பு."

போனை வைத்துவிட்டு மறுபடி காயை நறுக்கினாள். அதன்பிறகு இவரோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. 'வேலைக் களைப்பு' என்ற அந்த இரண்டு வார்த்தைதான் இவரை அதிகம் அறுத்தது. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார்.

எந்தப் பக்கம் கனம் வைப்பது என்பதைச் சகலை இரண்டு முறை மாற்றிப் பார்த்துக் கண்டுபிடித்தார். கண்காட்சியில் அவர் படம் வாசலுக்கு நேர் எதிரே தொங்கியது. நட்சத்திரங்கள் ஊசி குத்திய புள்ளிகள். ஜனம் மொய்த்தது. இவர் பேன்ட் பையில் கையை விட்டுக்கொண்டு கிட்டே போய், கீழே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். சகலையின் பெயர், குழாயின் அளவு, எத்தனை நிமிடம் எடுத்த படம் என்ற விவரம். கடைசி வரி: 'தொழில்நுட்ப ஆலோசனை: என் மனைவியின் தங்கை.'

மூன்று முறை படித்தார். தான் இருபது வருடம் வாய் வலிக்கச் சொன்னது சுவரில் தொங்குகிறது, மனைவியின் கணக்கில். சகலைமேல் பொறாமைப்பட்டுப் பழகிய மனசு, இப்போது யார்மேல் படுவது என்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. யாரோ ஒரு பெண்மணி மனைவியிடம், "நீங்க இன்ஜினியரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மனைவி, "இல்லீங்க, லிஃப்டுக்கு வாக்கப்பட்டவ" என்றாள். அவர்கள் சிரித்தார்கள்.

சகலை தோளில் கை போட்டார். "சகலை, ஒண்ணு கேக்கணும். எங்க மாடிக்கு எதிர்ல தெருவிளக்கு. படமெல்லாம் மஞ்சளடிக்குது. உங்க கையில எத்தனை மொட்டைமாடி இருக்கு! நல்ல இருட்டா ஒண்ணுல ஏத்திவிடுங்களேன்."

இருந்தது. பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்று. கைப்பிடிச் சுவர் நெஞ்சளவு உயரம், கீழே இருக்கும் விளக்கு ஒன்றுகூட மேலே ஏறாது. மழை மேகம் எந்தப் பக்கமிருந்து வரும் என்பது முதல் எந்தத் தொட்டிக்குப் பின்னால் காற்று அடிக்காது என்பது வரை இவருக்கு அத்துப்படி. அந்த இடத்தை இவர் யாருக்கும் சொல்லியதில்லை. இப்போதும் சொல்வதாக இல்லை. "பார்க்கலாம் சகலை, அனுமதி..." என்று இழுத்தார்.

"சனிக்கிழமை எல்லாரும் வர்றோம்" என்றாள் மனைவி. இவரைப் பார்க்காமலே சொன்னாள். அந்தப் போனுக்குப் பிறகு இவர் பேச்சில் அவள் தானாகக் கலந்துகொண்டது அதுதான் முதல் முறை. இவர் குடியிருப்புச் செயலாளரிடம் அனுமதி வாங்கினார்.

சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் நான்கு பேரும் ஏறினார்கள். எட்டு அங்குலக் குழாயும் அதன் பெட்டியும் தனித்தனியாக லிஃப்டில் வந்தன. பன்னிரண்டாவது மாடிக்கு மேல் இரும்புப் படியில் இவரே முதுகில் சுமந்தார். ஏழரைக்கெல்லாம் கிழக்கில் ஓரியன், வேடன் உருவில் நிற்கும் நட்சத்திரக் கூட்டம், ஏறிவிட்டது. சகலை ஸ்டாண்டை நிறுத்தி, கம்பியை மாட்டி, லேப்டாப்பைத் திறந்து, திரையில் ஓடும் எண்களைப் பார்த்தபடி குந்தினார். "மூணு மணி நேரம் எடுக்கும்" என்றார்.

"அதுவரைக்கும் நாங்க என்ன பண்றது?" என்றாள் அக்கா.

இவர் தன் குழாயைத் தள்ளி, ஓரியனின் இடுப்புக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினார். அக்கா பார்த்து, "அட" என்றாள். பிறகு இவர் மரியாதைக்காகச் சகலையைக் கூப்பிட்டார்.

சகலை குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. இரண்டு வருடமாக வானத்தைப் படம் எடுக்கிறவர், கண் வைக்கும் இடத்தில் எப்போதும் கேமராவைத்தான் வைத்திருக்கிறார். அந்த மேகத்தைத் தன் கண்ணால் அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"சகலை... இதை அப்படியே படமா எடுக்க..."

"முடியாது. ஓடிடும்."

சகலை நிமிர்ந்து குழாயை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "எட்டு அங்குலமா?" என்றார். அந்த முகத்தை இவருக்கு நன்றாகத் தெரியும். ஷேவ் செய்யும்போது பல முறை கண்ணாடியில் பார்த்திருக்கிறார். உள்ளுக்குள் ஒரு தித்திப்பு பரவி, உடனே பயம் வந்தது. மனைவி இன்னும் பார்க்கவில்லை.

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து குனிந்தாள்.

"கலரே இல்லையே."

"கண்ணுக்குக் கலர் தெரியாது. கேமராவுக்குத்தான்."

"புகை மாதிரி இருக்கு. நடுவுல நாலு புள்ளி... ஐயோ, போகுதுங்க! ஓரத்துக்குப் போயிடுச்சு. யாரு ஆட்டறது?"

"யாரும் ஆட்டல."

"பின்னே?"

"அது அங்கேயேதான் இருக்கு. நாமதான் போய்க்கிட்டிருக்கோம்."

அவள் குழாயிலிருந்து கண்ணை எடுத்து, காலடியில் இருந்த சிமெண்டுத் தரையைப் பார்த்தாள். ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டாள். "இப்பவா?"

"இப்பவும். ஒரு விரலால லேசா தள்ளு. மறுபடி நடுவுக்கு வரும்."

தள்ளினாள். வந்தது. நகர்ந்தது. மறுபடி தள்ளினாள். "சத்தமே இல்லாம இவ்வளவு வேகமா போறோமா? உங்க லிஃப்டுகூட இப்படிப் போகாதே" என்றாள். சிரித்தாள். சிரித்தது குழாய்க்குள் எதிரொலித்தது. கண் விரிந்ததா என்று இருட்டில் தெரியவில்லை. ஆனால் எழுந்திருக்கவில்லை.

சகலை லேப்டாப்பை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். "நான் இன்னொரு தடவை பார்த்துக்கறேனேம்மா."

"இருங்க அத்தான், இப்பதான் கைக்கு வந்திருக்கு."

ஐந்து நிமிடம் ஆயிற்று. சகலை தொண்டையைக் கனைத்தார். அக்கா, "விடேன்டி, அவரும் பார்க்கட்டும்" என்றாள். அவள் விரல் குழாயை மயிரிழை நகர்த்தியது, கண் மட்டும் துளையை விட்டு வரவில்லை.

"என்னங்க," என்றாள் குனிந்தபடியே, "அத்தானுக்கு ஒரு சேர் எடுத்துப் போடுங்க."

மோட்டார் அறையில் ஒரு நாற்காலி கிடந்தது. எடுத்துவர அவர் போனார். அவசரப்படவே இல்லை.